பறவையில் வாழும் புதிய பற்றீரியாவை இனங்காணல்

நெல் விதைத்துப் பத்துப் பதினைந்து நாட்சென்ற வயலை நோக்குக. நெற்பயிரும், நெல்லைப்போன்ற களைப்புல்லும் அருகருகே நிற்கும். நிறம் ஒன்று; உயரம் ஒன்று; இலையின் வடிவமும் ஏறக்குறைய ஒன்று. அனுபவமில்லாதவர் புல்லை விட்டு நெல்லைப் பிடுங்கிவிடுவார். அனுபவமுள்ள கமக்காரர் இலை தண்டோடு சேருமிடத்தை விரலால் விரித்துப் பார்ப்பார். அங்கே நாக்குப்போன்ற மெல்லிய சவ்வு இருப்பின் அது நெல், இல்லையெனிற் புல். தோற்றத்தை நம்பாது உரிய அடையாளத்தைத் தேடிப் பார்த்தலே இனங்காணல் எனப்படும்.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை இனங்காண்பதும் இதே வேலைதான். ஆனால் அதற்குப் படிகள் பலவுண்டு. ஒரு காட்டுப் பறவையின் உடலில் வாழ்ந்த பற்றீரியா ஒன்று, உலகில் எவரும் முன்னர் அறியாத புதிய இனம் என்று எவ்வாறு நிறுவப்பட்டது என்பதையும், அதனால் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் நாம் அறியவேண்டியது யாது என்பதையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

ஒரு தோட்டத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்னர், கத்தரியும் மிளகாயும் பயிரிடும் ஒரு கமக்காரர் என்னிடம் வந்தார். அவருடைய கோழிகள் நாளொன்றுக்கு இரண்டு மூன்றாக இறந்துகொண்டிருந்தன. கோழிக்கூட்டுக்குப் பின்புறம் நின்ற பழைய மாமரத்தின் பொந்தில் ஒரு கொண்டலாத்தி குஞ்சு பொரித்திருந்தது. அப்பொந்திலிருந்து அழுகிய இறைச்சியைப் போன்ற நாற்றம் வீசியது. நாற்றம் வரும் இடத்திலிருந்தே நோயும் வருகின்றதென்று அவர் முடிவுசெய்து, பொந்தைக் களிமண்ணால் அடைத்துவிட்டார்.

நான் சென்று பார்த்தபோது பொந்து அடைபட்டு மூன்று நாளாகியிருந்தது. மண்ணை எடுத்தோம். உள்ளே நான்கு குஞ்சுகள் இறந்து கிடந்தன. கோழிகளோ முன்போலவே இறந்துகொண்டிருந்தன. கழுத்து முறுகியும், பச்சை நிறமாகக் கழிந்தும் நின்ற கோழிகளைக் கால்நடை வைத்தியர் வந்து சோதித்தார். அது இறணிக்கெற் நோய். அந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு, பற்றீரியா அன்று. அக்கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டிருக்கவில்லை.

அக்கமக்காரர் தீய எண்ணம் உடையவரல்லர். தம்முடைய கோழிகளைக் காக்கவே முயன்றார். ஆயினும் காரணத்தைச் சோதிக்கும் முன்னர் அதற்குப் பெயரிட்டுவிட்டார். அதனாற் கோழிகளும் போயின. நிலத்தைக் கிண்டிப் பிள்ளைப்பூச்சியையும் புழுக்களையும் தின்று தோட்டத்துக்கு உதவிய பறவையின் குஞ்சுகளும் போயின.

அந்த நாற்றத்தின் உண்மையான காரணம் யாது? அதனை அறியப் பறவையின் வாலடியைப் பார்க்கவேண்டும்.

வாலடி எண்ணெய்ச் சுரப்பி

கோழியை உரித்துச் சமைப்போர் வாலின் அடியில் உள்ள சிறு கட்டி ஒன்றை வெட்டி எறிவதுண்டு. அதுவே எண்ணெய்ச் சுரப்பி. பறவை தன் அலகால் அதனை அழுத்தி, வரும் எண்ணெயைச் சிறகுகளிற் பூசிக்கொள்ளும். சிறகு காய்ந்து முறியாமலும், நீரில் ஊறாமலும் இருப்பதற்கு இது உதவும். பெரும்பாலான பறவைகளில் இவ்வெண்ணெய் வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். கடும் நாற்றம் இராது.

கொண்டலாத்தியும், அதன் உறவினமாகிய ஆபிரிக்க மரக்கொண்டலாத்தியும் இதற்கு விலக்காகும். நமது உலர் வலயத்திற் காணப்படும் கொண்டலாத்தியை யாவரும் அறிவர். தலையில் விசிறிபோன்ற கொண்டையும், நீண்டு வளைந்த அலகும், சிறகிற் கறுப்பு வெள்ளை வரிகளும் உடையது. செவ்வலகு மரக்கொண்டலாத்தி நமது நாட்டில் இல்லை. அது ஆபிரிக்காவில், சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள மரக்காடுகளிற் கூட்டமாக வாழ்வது. கருமை மினுங்கும் உடலும் நீண்ட வாலும் சிவந்த அலகும் உடையது. இரவில் மரப்பொந்திற் கூட்டமாக உறங்கும். பகைவர் அணுகினால் வாலைத் திருப்பி நாற்றமுள்ள எண்ணெயை வெளிவிடும்.

தென்னாபிரிக்காவிற் கண்ட புதிய இனம்

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான லோ-பிரவுன், மேயர்ஸ் ஆகிய இருவரும் செவ்வலகு மரக்கொண்டலாத்தியின் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து ஒரு பற்றீரியாவைத் தனிப்படுத்தி எடுத்தனர். அது என்ரறோகொக்கசு என்னும் சாதியைச் சேர்ந்தது. ஆனால் அச்சாதியில் அதுவரை பெயரிடப்பட்ட எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லை. 2003 ஆம் ஆண்டில் அதனைப் புதிய இனமென்று அறிவித்து, என்ரறோகொக்கசு பீனிக்குலிகோலா என்று பெயரிட்டனர். மரக்கொண்டலாத்தியின் விஞ்ஞானப் பெயர் பீனிக்குலசு என்பது. ஆகவே, பீனிக்குலசிற் குடியிருப்பது என்பதே அப்பெயரின் பொருள்.

புதிய இனம் என்று ஒருவர் நினைத்தமட்டில் அது புதிய இனமாகிவிடாது. பற்றீரியாவை இனங்காண்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் படிகள் பின்வருமாறு:

1. மாதிரி எடுத்தல். பறவையை உரிய அனுமதியோடு, ஊறுசெய்யாது பிடித்து, கிருமியகற்றிய கருவியாற் சுரப்பியின் எண்ணெயை எடுப்பர். கையிலும் காற்றிலும் தூசியிலும் உள்ள பற்றீரியாக்கள் கலந்துவிடின், பின்னர்ச் செய்யும் வேலை யாவும் பயனற்றதாகும். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது பசளைப் பையிலே மண்ணை இடவேண்டாம் என்று நாம் கூறுவதும் இதே காரணத்தாலேயாம்.

2. தனிப்படுத்தல். எடுத்த எண்ணெயிற் பலவகைப் பற்றீரியாக்கள் இருக்கலாம். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவேண்டும். கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் ஏகார் என்னும் பொருளை உணவுச் சாற்றோடு காய்ச்சித் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் உறையவிடுவர். அதன்மேல் மாதிரியை மெல்லிய கம்பியாற் கீறிப் பரப்புவர். தனித்து விழுந்த ஒரு கலம் பெருகி, ஊசித்தலையளவான பொட்டாக வளரும். அப்பொட்டில் இருப்பவை யாவும் ஒரே கலத்தின் வழிவந்தவை. ஒரு பொட்டை எடுத்து மீண்டும் மீண்டும் கீறி வளர்ப்பர். கலப்படைந்த நெல்லிலிருந்து ஒரு கதிரைத் தெரிந்து, அதன் விதையைத் தனிவரிசையில் நட்டுத் தூய விதை பெறும் முறையை நீங்கள் அறிவீர்கள். இதுவும் அதுவே.

3. தோற்றத்தை நோக்கல். 1884 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டவரான கிராம் என்பவர் கண்ட சாயமூட்டும் முறையைக் கையாண்டு, நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்வன ஒரு பிரிவு. இழந்துவிடுவன மற்றொரு பிரிவு. கோல்வடிவமா, உருண்டையா, சோடியாகவா, சங்கிலியாகவா என்பதையும் குறிப்பர். என்ரறோகொக்கசு ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்; உருண்டை வடிவானது; சோடியாகவும் குறுஞ்சங்கிலியாகவும் நிற்கும்.

4. குணங்களைச் சோதித்தல். தோற்றம் ஒன்றாயினும் குணம் வேறாகலாம். ஐதரசன் பரவொட்சைட்டு ஒரு துளி இட்டால் நுரைக்கின்றதா? நூற்றுக்கு 6.5 பங்கு உப்புள்ள சாற்றில் வளருமா? 45 பாகை வெப்பத்தைத் தாங்குமா? எவ்வெச் சீனிகளைப் புளிக்கச் செய்யும்? இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவுசெய்வர். என்ரறோகொக்கசுச் சாதியின் இனங்கள் பொதுவாக நுரைப்பதில்லை. உப்பையும் வெப்பத்தையும் தாங்குவன பல.

5. பரம்பரை எழுத்தை வாசித்தல். ஒவ்வோர் உயிர்க் கலத்திலும் அதன் இயல்புகளைக் குறிக்கும் பரம்பரைப் பொருள், நான்கெழுத்தால் எழுதிய நீண்ட சுவடிபோல் அமைந்துள்ளது. அதில் 16 எஸ் எனப்படும் ஒரு பகுதி எல்லாப் பற்றீரியாக்களிலும் உண்டு. ஏறக்குறைய 1,500 எழுத்து நீளமுடையது. மிக மெதுவாகவே மாறுவது. இத்தகைய பகுதியை ஒப்பிட்டு நுண்ணுயிர்களின் உறவை அறியலாமென்று 1977 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோசு காட்டினார். இன்று புதிதாகக் கண்ட பற்றீரியாவின் 16 எஸ் பகுதியை, முன்னர் பெயரிடப்பட்ட இனங்களின் பகுதிகளோடு ஒப்பிடுவர். நூற்றுக்கு 98.7 பங்குக்குக் குறைவாகவே ஒத்திருப்பின் அது வேறினம் என்று கொள்ள இடமுண்டு. அதற்கு மேலாயின் அதுமட்டும் போதாது. பரம்பரைப் பொருள் முழுவதையும் ஒப்பிடவேண்டும். அவ்வொப்பீட்டில் 95 அல்லது 96 பங்கு என்பது ஓரினத்தின் எல்லையாகக் கொள்ளப்படுகின்றது.

6. பெயரிடலும் பேணலும். எல்லாச் சோதனையும் முடிந்தபின், முடிவுகளை யாவரும் பார்க்குமாறு வெளியிடவேண்டும். பற்றீரியாப் பெயர்களுக்கென ஓர் அனைத்துலகச் சஞ்சிகை உண்டு. பீனிக்குலிகோலாவும் அதிலேயே அறிவிக்கப்பட்டது. மேலும், அவ்வினத்தின் முதல் மாதிரியை இரு வேறு நாடுகளிலுள்ள சேமிப்பு நிலையங்களில் உயிரோடு வைக்கவேண்டுமென்பது இன்றைய விதி. நமது நெல்லினங்களின் விதையைக் கன்னொறுவையிற் குளிரறையிற் பேணுவதை இதற்கு ஒப்பிடலாம். எவருக்கேனும் ஐயமிருப்பின் அம்மாதிரியைப் பெற்று மீண்டும் சோதிக்கலாம். மற்றொருவர் சோதித்துப் பார்க்க இயலாத கூற்று விஞ்ஞானத்தில் ஏற்கப்படமாட்டாது.

கொண்டலாத்தியிற் கண்டது

இனி நமது தோட்டத்துப் பறவையிடம் வருவோம். கொண்டலாத்தி ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழ்கின்றது. ஸ்பெயின் நாட்டின் கிரனாடாப் பகுதியில் ஆய்வாளர் பல ஆண்டுகளாக அதனை ஆராய்ந்து வருகின்றனர். அதன் எண்ணெய்ச் சுரப்பியிலும் என்ரறோகொக்கசே கிடைத்தது. மரக்கொண்டலாத்தியிற் கண்டது புதிய இனமாகையால் இதுவும் புதியதாகவே இருக்குமென்று நினைக்கத் தோன்றும். சோதித்தபோது அவர்கள் தனிப்படுத்தி ஆராய்ந்த பற்றீரியா, மனிதரின் குடலிலும் வாழும் என்ரறோகொக்கசு பீக்காலிசு என்னும் பழைய இனமே என்று தெரிந்தது. அவ்வினம் 1906 ஆம் ஆண்டிலேயே வேறு சாதியின்கீழ்ப் பெயரிடப்பட்டு, 1984 இல் இச்சாதிக்கு மாற்றப்பட்டது. உறவுடைய இரு பறவைகள்; ஒரே வகைச் சுரப்பி; ஒரே வகை நாற்றம்; ஒரே சாதிப் பற்றீரியா. ஆயினும் ஒன்று புதியது, மற்றது பழையது. சோதனையாலன்றி ஊகத்தால் இதனை அறிந்திருக்க முடியாது.

அப்பற்றீரியா அங்கே என்ன செய்கின்றது?

அடைகாக்கும் பெட்டையிலும் கூட்டிலுள்ள குஞ்சுகளிலும் மட்டுமே எண்ணெய் கருங்கபில நிறமாகி நாறும். சேவலிலும், அடைகாக்காத காலத்திற் பெட்டையிலும் அது வெண்மையாகவும் நாற்றமற்றும் இருக்கும். பற்றீரியாவைக் கொல்லும் மருந்தைப் பறவைக்கு ஏற்றியபோது, கருநிறமும் நாற்றமும் குறைந்தன. ஆகவே நாற்றத்துக்குப் பற்றீரியாவே காரணமென்பது தெளிவாயிற்று.

இப்பற்றீரியா வேறு பற்றீரியாக்களைக் கொல்லும் பொருள்களை உண்டாக்குகின்றதென்று 2006 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சிறகை அரிக்கும் பற்றீரியா ஒன்றை அது தடுக்கின்றதென்று 2009 இற் காட்டப்பட்டது. கொண்டலாத்தியின் முட்டையோட்டில் நுண்ணிய குழிகள் உள்ளன. பெட்டை தன் எண்ணெயை முட்டைமேற் பூச, அக்குழிகளில் அது தங்கிவிடும். இடும்போது நீலச்சாம்பல் நிறமாயிருக்கும் முட்டை, சில நாட்களிற் பசுமைகலந்த கபிலமாக மாறுவதும் இதனாலேயாம். ஓட்டில் இப்பற்றீரியா மிகுதியாக இருந்த முட்டைகள் மிகுதியாகப் பொரித்தன என்று 2014 இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது.

ஆகவே அப்பொந்தின் நாற்றம் நோயின் அடையாளமன்று. தாய் தன் முட்டைக்கும் குஞ்சுக்கும் இடும் காவலின் நாற்றமே அது. நமது கமக்காரர் மண்ணால் அடைத்தது அக்காவலையே.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். முதலாவது, கிண்ணத்தில் வளர்வன மட்டுமே சுரப்பியில் உள்ளன என்று கொள்ளலாகாது. 2015 இற் பரம்பரை எழுத்துக்களை நேரே வாசித்தபோது, ஒட்சிசன் இன்றி வாழும் வேறு பல பற்றீரியாக்களும் கொண்டலாத்தியின் சுரப்பியில் இருப்பது தெரியவந்தது. இரண்டாவது, ஓரினத்தின் பெயரைக் கேட்டமட்டில் அதனை நண்பனென்றோ பகைவனென்றோ கூறலாகாது. பறவையின் முட்டையைக் காக்கும் என்ரறோகொக்கசு பீக்காலிசு இனத்தின் வேறு வகைகள், வைத்தியசாலைகளில் நோயாளரின் காயத்திலும் சிறுநீர்வழியிலும் நோயை உண்டாக்குகின்றன. எந்த வகை, எந்த இடத்தில், எந்நிலையில் வாழ்கின்றது என்பதையும் அறியவேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

பறவைகளைப் பற்றி: கொண்டலாத்தியின் பொந்தை அடைக்கவேண்டாம். நாற்றம் தாங்கமுடியாதெனிற் குஞ்சுகள் பறந்துபோகும்வரை பொறுத்திருங்கள். காட்டுப்பறவைகளை ஆராய்வதற்கென்று நீங்களே பிடிக்கவும் வேண்டாம். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கின்றது.

ஆயினும் காட்டுப்பறவைகளின் எச்சத்தில் நோய்க்கிருமிகளும் இருக்கலாம். சல்மொனெல்லா என்னும் வயிற்றோட்டக் கிருமி அவற்றுள் ஒன்று. ஆகையாற் கோழிகளின் நீர்ப்பாத்திரத்தையும் தீனியையும் காகம், குருவி முதலியன அணுகாவண்ணம் கூரையின்கீழ் வையுங்கள். கீரையையும் பச்சையாக உண்ணும் மரக்கறியையும் தூய நீரிற் கழுவியே விற்கவும் உண்ணவும் வேண்டும். பறவைக் கூட்டையோ இறந்த பறவையையோ தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள்.

கோழிகளைப் பற்றி: கோழி இறந்தால் முதலிற் காரணத்தை அறியுங்கள். இறந்த கோழியை வெறுங்கையாற் தொடாமலும், குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமலும், உடனே உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து வைரசு நோயைத் தீர்க்காது. பெயர் தெரியாத நோய்க்கு மருந்து கொடுப்பதாற் பணம் வீணாவதோடு, மருந்துக்கு அஞ்சாத பற்றீரியாக்களும் பெருகும். இறணிக்கெற் நோய்க்குரிய தடுப்பூசியைக் காலந்தவறாது ஏற்றுங்கள்.

பயிரைப் பற்றி: இனங்காணலின் ஒரு படியை நீங்களும் தோட்டத்திற் செய்து பார்க்கலாம். கத்தரியோ தக்காளியோ பசுமை மாறாது திடீரென வாடுகின்றதா? அடித்தண்டில் மூன்று அங்குல நீளத் துண்டை வெட்டுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையிற் தெளிந்த நீர் நிரப்பி, துண்டின் ஒரு முனை மட்டும் நீரிற் படுமாறு அசையாது பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழைகள் கீழ்நோக்கி இறங்கினால், அது பற்றீரியா வாடல் நோய். அதற்குப் பங்கசுநாசினி தெளிப்பது வீண். நோயுற்ற செடியை வேரோடு அகற்றி எரித்து, வடிகாலைச் சீர்செய்து, அடுத்த போகங்களில் அந்நிலத்திற் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்து வேறு பயிர் செய்யவேண்டும். இழை காணப்படாவிடின் வாட்டத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். செடியை மண்ணோடு எடுத்து உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

நினைவில் வைக்கவேண்டியவை

நாற்றம், நிறம், தோற்றம் ஆகியவை ஐயத்தை எழுப்பலாம், முடிவைத் தரமாட்டா.

மாதிரி தூயதாயிருந்தாலே சோதனையும் உண்மையாகும்.

நுண்ணுயிர் யாவும் நோய்க்கிருமிகள் அல்ல. சில தாம் வாழும் உயிரைக் காக்கின்றன.

பெயர் தெரியுமுன் மருந்திடாதீர்கள்; காரணம் தெரியுமுன் எவ்வுயிரையும் அழிக்காதீர்கள்.

மேலே கூறிய கமக்காரர் இப்பொழுது தம் கோழிகளுக்குத் தவறாது தடுப்பூசி ஏற்றுவிக்கின்றார். அம்மாமரப் பொந்து திறந்தே இருக்கின்றது. மறு ஆண்டில் ஒரு சோடி கொண்டலாத்தி வந்து அதிற் குடியேறியதாக அவரே வந்து என்னிடம் கூறினார். நாற்றம் முன்போலவே வீசுகின்றதாம்; ஆனால் அவர் கோழிகளுள் ஒன்றேனும் அவ்வாண்டு நோயால் இறக்கவில்லை.